மொஸ்கோத் திரைப்படப் பள்ளியும் நெறியாள்கைக் கலையும்

கலைகளுட் பெரும்பாலானவை குருவின் அருகிருந்து பயிலப்பட்டவை. சிற்பியின் மகன் தந்தை உளி பிடித்த கையைப் பார்த்தே சிற்பியானான். நாதசுர வித்துவானின் சீடன் பல்லாண்டு கேட்டுக் கேட்டே வாசிக்கக் கற்றான். திரைப்படமோ பிறந்து ஒரு தலைமுறை நிரம்புமுன்னரே வகுப்பறைக்குள் வந்துவிட்டது. 1895ஆம் ஆண்டிலே லூமியேர் உடன்பிறந்தார் பாரிசு நகரிற் கட்டணம் பெற்று மக்களுக்குத் தம் படங்களைக் காட்டினர். 1919ஆம் ஆண்டிலே மொஸ்கோ நகரில் அரசினர் திரைப்படப் பள்ளியொன்று தொடங்கப்பட்டது. உலகின் முதலாவது திரைப்படப் பள்ளி எனப் பொதுவாகக் கூறப்படுவது இதுவே. இடையிற் கழிந்தவை இருபத்துநான்கு ஆண்டுகள். இலக்கியந் தோன்றி நெடுங்காலங் கழிந்த பின்னரே அதற்கு இலக்கணம் வகுக்கப்படும் என்பதை அறிந்தோர்க்கு இவ்விரைவு வியப்பளிக்கும்.

அப்பள்ளியிற் கற்பித்தற்கு என்ன இருந்தது? கமராவை இயக்குதல், பிலிமை மருந்திலிட்டுக் கழுவுதல், ஒளியமைத்தல் என்பன கைத்தொழில்கள். அவற்றை எவர்க்கும் பழக்கலாம். நெறியாளனின் நடையோ அவனவனுக்கே உரியது. அதனை வகுப்பிலே கொடுக்க இயலாது என்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். மொஸ்கோப் பள்ளியின் வரலாறு இக்கூற்றை மறுக்கின்றது என்றோ ஏற்கின்றது என்றோ எளிதிற் சொல்லிவிட முடியாது. அங்கே ஒரே ஆசிரியரிடம் ஒரே பயிற்சிகளைச் செய்த மாணாக்கர் பத்தாண்டுகளுள் ஒருவரோடொருவர் முற்றும் மாறுபட்ட படங்களைச் செய்தனர், ஆசிரியரோடும் மாறுபட்டனர். அவ்வேறுபாட்டைப் பள்ளியின் தோல்வி எனக் கொள்வதினும் அதன் விளைவு எனக் கொள்வதே பொருத்தமுடையது.

1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர் ருசியாவின் திரைப்படத் தொழில் நிலைகுலைந்தது. படநிறுவன உடைமையாளர் பலரும் புகழ்பெற்ற நடிகர் பலரும் தெற்கே கிரிமியாவுக்கும், அங்கிருந்து பிரான்சு, யேர்மனி முதலிய நாடுகளுக்கும் சென்றனர். செல்லுங்காற் கருவிகளையும் பிலிமையும் உடன்கொண்டு சென்றோரும் உளர். அந்நாளிற் பிலிம் ருசியாவுக்கு வெளிநாட்டிலிருந்தே வரவேண்டியதாயிருந்தது. உள்நாட்டுப் போரும் முற்றுகையும் அவ்வழியை அடைத்தன. 1919 ஓகஸ்ட் 27ஆம் நாள் லெனின் ஒப்பமிட்ட ஆணையினால் திரைப்படத் தொழில் அரசுடைமையாயிற்று. வெறும் பண்டகசாலையின் திறவுகோலே அரசின் கைக்கு வந்தது எனலாம். அதே ஆண்டில் விளாதிமிர் கார்தின் என்னும் நெறியாளரின் தலைமையிற் பள்ளி தொடங்கிற்று. மாணாக்கர் இருந்தனர், ஆசிரியர் இருந்தனர், பிலிம் மட்டும் இல்லை.

இப்பள்ளியிலே தமக்கெனத் தனி வகுப்பொன்றை அமைத்தவர் லெவ் குலெஷோவ். அவர் 1899ஆம் ஆண்டு தம்போவ் நகரிற் பிறந்தவர். மொஸ்கோவில் ஓவியம் பயின்றவர். பதினேழு பதினெட்டு வயதிலேயே கன்சோன்கோவ் என்பாரின் படநிறுவனத்தில் எவ்கேனி பௌவர் என்னும் நெறியாளருக்குக் காட்சியமைப்பு வரைபவராய்ச் சேர்ந்தவர். பௌவரின் படங்கள் மெல்ல நடப்பவை. பெரிய மாளிகைக் கூடங்கள், தூண்கள், திரைச்சீலைகள், அவற்றினூடே துயருற்று நிற்கும் மாந்தர் என அவை ஓவியம் போலவே காட்சி தரும். 1917இற் பௌவர் காலமானார். அடுத்த ஆண்டிலே குலெஷோவ் தம் முதற் படமான ‘பொறியியலாளர் பிரைற்றின் திட்டம்’ என்பதைச் செய்தார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. குருவிடமிருந்து சட்டத்தினுள் இடத்தை அமைக்கும் ஓவியக் கண்ணைப் பெற்றுக்கொண்டார். குருவின் மெல்லிய நடையை முற்றாகத் தள்ளினார்.

அதனைத் தள்ளியதற்குக் காரணம் படமாளிகையிலே கிடைத்தது. நகரின் நடுவிலுள்ள சிறந்த மாளிகைகளுக்கும் புறநகரின் மலிவான கொட்டகைகளுக்கும் சென்று குலெஷோவ் திரையைப் பாராது மக்களைப் பார்த்தார். ருசியப் படங்களுக்கு மக்கள் அமைதியாய் இருந்தனர். அமெரிக்கப் படங்களுக்கோ ஆரவாரித்தனர். இரண்டையும் ஒப்பிட்டபோது ஓர் உண்மை புலனாயிற்று. ருசியப் படங்களில் ஒவ்வொரு காட்சியும் நீண்டது. ஒரு கோணத்திலிருந்து எடுக்கப்பட்டது. அமெரிக்கப் படங்களில் அதே நிகழ்ச்சி பல சிறு துண்டுகளாய்ப் பகுக்கப்பட்டிருந்தது. கதவைத் திறக்கும் கை, திரும்பும் தலை, ஓடும் குதிரையின் கால் எனத் துண்டுகள் ஒன்றையொன்று தொடர்ந்தன. இத்துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்துந் தொழிலுக்கு ‘மொன்தாஜ்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லை ருசியர் வழங்கினர். எந்திரத்தின் உறுப்புகளைப் பூட்டிப் பொருத்துவதற்கும் அவர்கள் வழங்கிய சொல் அதுவே. கலைச்சொல் தொழிற்சாலையிலும் வழங்கிய சொல்லாயிருந்தமை அக்காலத்தின் மனநிலைக்கு நல்ல சான்று.

கிரிபித்து என்னும் அமெரிக்க நெறியாளரின் ‘சகிப்பின்மை’ என்னும் படம் 1916இல் வெளிவந்தது; 1919இல் மொஸ்கோவிற் காட்டப்பட்டது. பாபிலோனின் வீழ்ச்சி, இயேசுவின் பாடு, பதினாறாம் நூற்றாண்டுப் பிரான்சின் மதப் படுகொலை, அமெரிக்க நகரொன்றின் தற்காலக் கதை என நான்கு கதைகளை அது மாறிமாறிச் சொல்லிச் செல்கின்றது. இறுதியில் நான்கும் விரைந்து ஒன்றையொன்று துரத்துவனபோல ஓடும். அப்படம் பள்ளிக்குப் பாடநூலாயிற்று. இயற்பியலும் இரசாயனமும் பயின்று, போர்க்களத்திற் காயமுற்று, யேர்மனியரிடம் மூன்றாண்டு சிறைப்பட்டு மீண்ட வெசெவலொட் புடோவ்கின் என்பாரைத் திரைப்படத்துறைக்கு ஈர்த்ததும் அப்படமே. இவர் பின்னர்க் குலெஷோவின் வகுப்பிற் சேர்ந்தார். குத்துச்சண்டை பயின்ற போரிஸ் பார்னெட், அலெக்சாந்திரா கொக்லோவா, ஒபொலென்ஸ்கி, கொமாரோவ், போகெல் என்போரும் அவ்வகுப்பின் மாணாக்கராயினர்.

குலெஷோவின் பெயரோடு இன்று உலகெங்கும் பேசப்படுவது ஒரு முகத்தைப் பற்றிய பரிசோதனை. இவான் மொஷூகின் என்னும் புகழ்பெற்ற நடிகரின் முகத்தைக் காட்டும் பழைய படத்துண்டொன்றை அவர் எடுத்துக்கொண்டார். அம்முகத்தில் உணர்ச்சி எதுவும் வெளிப்படையாய் இல்லை. அதனை ஒருமுறை உணவுத் தட்டத்தின் பின்னும், ஒருமுறை பெட்டியிற் கிடத்தப்பட்ட பிணத்தின் பின்னும், ஒருமுறை விளையாடுங் குழந்தையின் பின்னும் பொருத்திக் காட்டினார். பார்த்தோர் நடிகர் பசியையும் துயரத்தையும் அன்பையும் நுட்பமாய் வெளிப்படுத்தினார் எனப் பாராட்டினர். முகமோ மூன்றிடத்தும் ஒன்றே. இதுவே கதை.

இக்கதையை இவ்வாறு உலகறியச் செய்தவர் புடோவ்கின். 1929ஆம் ஆண்டு இலண்டன் திரைப்படக் கழகத்திலே பேசியபோது அவர் இதனை எடுத்துரைத்தார். அதே ஆண்டில் வெளிவந்த தம் நூலிற் குலெஷோவ் கூறுவது வேறு. சிறையிலே பசித்திருப்பவன் உணவைக் கண்டபோது கொள்ளும் மகிழ்ச்சியும், சிறையிலிருந்து வெளியே வந்தவன் வெயிலையும் பறவையையும் கண்டபோது கொள்ளும் மகிழ்ச்சியும் முகத்திலே வேறுபடுமா என ஒரு நடிகரோடு தமக்கு எழுந்த வாதத்தை அவர் அங்கே விவரிக்கின்றார். துண்டுகள் எவை, எத்தனை, எந்த ஆண்டில் என்னும் எதனிலும் கூற்றுகள் ஒத்துச் செல்லவில்லை. அப்படத்துண்டோ இன்று இல்லை. 1992இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் இப்பரிசோதனையை மீளச் செய்தபோது எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. 2016இல் வேறு சிலர் செய்தபோது ஓரளவு கிட்டிற்று. ஆகவே, நெறியாள்கை பற்றிய நூல்கள் பலவற்றின் முதற் பக்கத்தில் நிற்கும் இச்செய்தி உண்மையில் நினைவுகளின் மேற் கட்டப்பட்டது. வரலாறு கற்பிப்போர் இதனை மாணாக்கர்க்குச் சொல்லும்போது அவ்வளவிலேயே சொல்லுதல் வேண்டும்.

இதனினும் உறுதியான சான்றுடையது இடத்தைப் பற்றிய பரிசோதனை. கொக்லோவா மொஸ்கோவின் ஒரு தெருவில் நடந்து வருகின்றார். ஒபொலென்ஸ்கி நகரின் வேறொரு பகுதியில் ஆற்றங்கரையோரமாய் வருகின்றார். மூன்றாவதோர் இடத்தில் இருவரும் சந்தித்துக் கைகுலுக்குகின்றனர். ஒபொலென்ஸ்கி ஒரு திசையைச் சுட்டுகின்றார். அடுத்த துண்டிலே அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் வெள்ளை மாளிகை தோன்றுகின்றது. அது அமெரிக்கப் படமொன்றிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டது. பின்னர் இருவரும் அம்மாளிகையின் படிகளில் ஏறுவதுபோல ஏறுகின்றனர். ஏறியவையோ மொஸ்கோவிலுள்ள மீட்பரான கிறித்துவின் பேராலயப் படிகள். உலகில் எங்குமில்லாத ஊரொன்று சில அடி நீளமுள்ள பிலிமிலே எழுந்தது. (அப்பேராலயம் 1931இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு, 2000ஆம் ஆண்டளவில் மீளக் கட்டப்பட்டது.) குலெஷோவின் பரிசோதனைகளுட் சிலவற்றின் துண்டுகள் 1990களில் ருசிய ஆவணக் காப்பகமொன்றிற் கண்டெடுக்கப்பட்டன, அவற்றுள் இதன் பகுதியும் ஒன்று.

எனினும் பள்ளியின் உயிர் இப்பரிசோதனைகளில் இல்லை. அவை அரிதாய்க் கிடைத்த சிறிதளவு பிலிமைக் கொண்டு செய்யப்பட்டவை. நாள்தோறும் நடந்த பாடம் வேறு. பிலிம் இல்லாமையால் ‘பிலிமில்லாப் படங்கள்’ செய்யப்பட்டன. மாணாக்கர் கதையொன்றை எழுதி, அதனைத் துண்டுகளாய்ப் பகுத்து, ஒவ்வொரு துண்டிலும் சட்டத்தினுள் எது தோன்றும், எவ்வளவு நேரம் தோன்றும், எத்திசையில் அசையும் என வரைந்து, பின்னர் அதனைச் சிறு மேடையிலே நடித்துக் காட்டினர். ஒரு துண்டிலிருந்து மறு துண்டுக்குத் திரையில் எவ்வளவு விரைவாய் மாறுமோ அவ்வளவு விரைவாய்க் காட்சியை மாற்ற முயன்றனர். கமரா இல்லாமலே கமராவின் கண்கொண்டு பார்க்கப் பழகினர். இலங்கைப் பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் கற்பிப்போர்க்கு இப்பயிற்சி அந்நியமாய்த் தோன்றாது. கையிற் பொருளில்லாத வகுப்பு, பொருளுக்கு முன்னே செய்யவேண்டிய சிந்தனையைச் செய்தே ஆகவேண்டியிருந்தது. பிலிம் தாராளமாய்க் கிடைத்திருப்பின், எடுத்துப் பார்த்துப் பின்னர்த் தொகுக்கலாம் என இருந்திருப்பர். அவ்வாறு எடுக்கப்பட்ட படங்கள் உலகில் ஏராளம்.

நடிகனைப் பற்றிக் குலெஷோவ் கொண்ட கொள்கை பலரைச் சினங்கொள்ளச் செய்தது. ஓவியன் முன் இருக்கும் உருமாதிரியைக் குறிக்கும் சொல்லாலேயே அவர் திரைநடிகனை அழைத்தார். முகம் வெறும் கல், நெறியாளனே கொத்தன் என்பது அதன் உட்கருத்து. இக்கொள்கையை அப்படியே எடுத்துக்கொண்டால் நடிகனுக்குப் பயிற்சியே வேண்டியதில்லை. குலெஷோவின் வகுப்பிலோ நடிகர்க்கு அளிக்கப்பட்ட பயிற்சி மிகக் கடுமையானது. சட்டத்தினுள்ளே இடத்தைக் கட்டங்களாய்ப் பகுத்து, கையும் தலையும் தோளும் எந்தக் கோட்டின் வழியே அசைதல் வேண்டும் எனக் கணக்கிட்டனர். உடற்பயிற்சியும் தாளக்கட்டும் குத்துச்சண்டையும் பாடமாயின. கொள்கையிற் கல்லென்று சொல்லிவிட்டுச் செயலில் அக்கல்லை ஆண்டுக்கணக்காய்ச் செதுக்கியது முரணாகத் தோன்றலாம். ஆயினும் துண்டு ஒரிரு கணமே திரையில் நிற்குமாயின், அக்கணத்திற் செய்யப்படும் அசைவு ஐயத்துக்கிடமின்றித் தெளிவாயிருத்தல் வேண்டும். ஆதலின் பயிற்சி கூடுதலாகவே வேண்டியதாயிற்று.

1924இல் ‘போல்செவிக்கர் நாட்டில் திரு. வெஸ்ட் அவர்களின் விந்தையான அனுபவங்கள்’ என்னும் நகைச்சுவைப் படத்தை வகுப்பு முழுவதும் சேர்ந்து செய்தது. அது கற்றதையெல்லாம் ஒருங்கே காட்டும் தேர்வுத்தாள் போன்றது, சிரிப்பும் ஓட்டமும் நிறைந்தது, ஆழம் குறைந்தது. குலெஷோவின் உண்மையான ஆற்றலை அறிய 1926ஆம் ஆண்டின் ‘சட்டப்படி’ என்னும் படத்தையே பார்த்தல் வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் ஜக் லண்டனின் சிறுகதையொன்றைத் தழுவி விக்தோர் சுக்லோவ்ஸ்கி எழுதியது அது. வடபுலத்தில் யூக்கன் ஆற்றங்கரையிற் பொன் தேடச் சென்ற ஐவருள் ஒருவன் இருவரைச் சுட்டுக் கொல்கின்றான். எஞ்சிய கணவனும் மனைவியும் அவனைக் கட்டிவைத்து, பனியும் வெள்ளமும் சூழ்ந்த குடிலிலே மாதக்கணக்காய்க் காவலிருக்கின்றனர். அவனைத் தாமே கொன்றுவிட மனம் வரவில்லை, விட்டுவிடவும் முடியவில்லை. ஈற்றில் தாமே நீதிமன்றமாகி விசாரித்துத் தூக்கிலிடுகின்றனர்.

மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படம் அது. ஒரு குடில், மூன்று முகங்கள், வெளியே ஆறு. அழகியரையே கதைத்தலைவியராய் விரும்பிய படநிறுவனத்தாருக்குக் கொக்லோவாவின் ஒடுங்கிய முகமும் நீண்ட கைகாலும் உவப்பாயில்லை. இப்படத்தில் அவ்வுடலே கதையைச் சுமக்கின்றது. துப்பாக்கியைப் பிடித்தபடி இரவெல்லாம் விழித்திருக்கும் அப்பெண்ணின் முகத்தைப் பார்த்தோர் எவரும் அதனை வெறுங்கல் என்று சொல்லார். தம் கொள்கையைத் தம் படத்தினாலேயே குலெஷோவ் மறுத்தார் என்பதே இதனைப் பற்றிச் சொல்லத்தக்க நேரிய கூற்று. வகுப்பிற் சொன்னதைவிடப் படத்திற் செய்தது பெரிது.

இதற்குள் மாணாக்கர் தத்தம் வழியிற் சென்றுவிட்டனர். புடோவ்கின் 1926இல் கோர்க்கியின் நாவலைத் தழுவி ‘தாய்’ என்னும் படத்தைச் செய்தார். அதிலே சிறையிலிருக்கும் மகனுக்கு, மறுநாள் அவன் விடுவிக்கப்படுவான் என்னும் செய்தி மறைவாய்க் கிடைக்கின்றது. அவனுடைய மகிழ்ச்சியைக் காட்டுவது எங்ஙனம்? முகத்தை மட்டும் காட்டினாற் போதாதெனப் புடோவ்கின் எண்ணினார். நடுங்கும் கைகளையும் முகத்தின் கீழ்ப்பாதியையும் காட்டி, அவற்றோடு இளவேனிலிற் பெருக்கெடுத்தோடும் நீரோடை, நீரில் விளையாடும் வெயில், சிரிக்கும் குழந்தை ஆகிய துண்டுகளைப் பொருத்தினார். ஒவ்வொரு துண்டும் முன்னதோடு இசைந்து ஒன்றன்மேல் ஒன்றாய்ச் செங்கற்போல அடுக்கப்பட்டு உணர்ச்சியை உயர்த்துகின்றது. இவருடைய நூல் 1929இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, பல நாடுகளில் நெறியாள்கை பயில விரும்பினோர்க்கு முதனூலாயிற்று.

செர்கேய் ஐசன்ஸ்டீன் குலெஷோவின் வகுப்பில் இருந்தது சில மாதங்களே. பொறியியல் பயின்று, மேயர்கோல்டின் நாடக அரங்கிற் பழகி வந்தவர் அவர். துண்டுகள் இசைந்து செல்லவேண்டும் என்பதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு துண்டு மறு துண்டோடு மோதுதல் வேண்டும். அம்மோதலிலிருந்து, இரண்டிலும் இல்லாத மூன்றாவதொரு கருத்துப் பிறத்தல் வேண்டும் என்றார். 1925ஆம் ஆண்டின் ‘போர்க்கப்பல் பொத்தெம்கின்’ என்னும் படத்தில் ஒடெசா நகரின் படிகளிலே மக்கள் சுடப்படும் காட்சி இக்கொள்கையின் உருவம். கீழிறங்கும் படைவீரரின் சீரான வரிசையும் சிதறியோடும் மக்களின் ஒழுங்கற்ற அலையும், கீழே ஓடுவோரும் பிள்ளையை ஏந்தி மேலே ஏறும் தாயும் எனத் திசைக்குத் திசை எதிராய் வைக்கப்பட்டுள்ளது. உண்மையிற் சில நிமிடங்களில் இறங்கி முடியவேண்டிய படிகள் திரையில் முடிவற்று நீள்கின்றன. இவ்விரு நண்பரும் இதுபற்றி எழுத்திலும் பேச்சிலும் நெடுங்காலம் வாதிட்டனர். பார்னெட் இவ்வாதத்திற் கலந்துகொண்டாரல்லர். 1928இல் ‘துருப்நாயா தெருவின் வீடு’ என்னும் படத்தை எடுத்து மக்களைச் சிரிக்க வைத்தார். அதிலே தாரா ஒன்றைத் துரத்திக்கொண்டு பெண்ணொருத்தி டிராம் வண்டியின் முன் ஓடும்போது படம் சட்டென உறைந்து நிற்கின்றது. பின்னர்ப் பின்னோக்கிச் சென்று, அவள் எங்கிருந்து வந்தாள் எனக் கதையை மீளத் தொடங்குகின்றது. பொருத்துங் கலையை விளையாட்டாக மாற்றியவர் இவர் ஒருவரே.

ஐசன்ஸ்டீன் தாமும் ஆசிரியரானார். 1928 முதல் அதே பள்ளியிற் கற்பித்து, 1930களில் நெறியாள்கைத் துறைக்குத் தலைமை தாங்கினார். அவ்வகுப்புகளை அவருடைய மாணாக்கராயிருந்த விளாதிமிர் நீஷ்னி குறித்து வைத்துப் பின்னர் நூலாக்கினார். ஒரு பாடம் எயிட்டித் தீவின் விடுதலைப் போரைப் பற்றியது. கறுப்பினத் தளபதியான தெசலீன் விருந்துக்கு அழைக்கப்படுகின்றார். பிரெஞ்சு அதிகாரிகள் அவரைப் பிடிக்கச் சூழ்ச்சி செய்துள்ளனர். பணிப்பெண்ணின் குறிப்பினால் அதனை உணர்ந்த தெசலீன் தப்பிச் செல்கின்றார். நூலிற் சில வரிகளே உள்ள இந்நிகழ்ச்சியை முன்வைத்து, ஆசிரியர் விடை சொல்லாது வினாக்களையே எழுப்புகின்றார். மேசை எங்கே இருத்தல் வேண்டும்? கதவு எத்தனை? தெசலீன் எந்த வாயிலால் வருவார்? சூழ்ச்சியைப் பார்ப்போர் முன்னரே அறிதல் வேண்டுமா, தெசலீனோடு சேர்ந்து அறிதல் வேண்டுமா? மாணாக்கர் விடை தருவர். ஒவ்வொரு விடையும் அடுத்த விடையைக் கட்டுப்படுத்தும். கதவை இடப்புறம் வைத்தவர் பின்னர்த் தப்பியோடும் சாளரத்தை அதே புறத்தில் வைக்க முடியாமற் போவதைத் தாமே காண்பர். ஆசிரியர் அதனைச் சுட்டிக்காட்ட வேண்டிய தேவை எழாது.

இன்னொரு பாடம் இன்னும் வியப்பானது. தாஸ்தாயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் ரஸ்கோல்னிக்கோவ் வட்டிக்காரக் கிழவியைக் கொல்லும் இடத்தை ஒரே துண்டாய், கமராவை அசைக்காமல், நடுவே வெட்டாமல் எடுக்கவேண்டும் என்பது பயிற்சி. துண்டுகளை மோதவிடுவதிலே உலகப் புகழ் பெற்றவர் துண்டே கூடாதென்கின்றார். அண்மை, சேய்மை, மோதல் என்பன யாவும் ஒரே சட்டத்தினுள், மாந்தர் கமராவை நோக்கி வருதலாலும் விலகுதலாலும் நிகழ்தல் வேண்டும். வெட்டுதல் எங்கே தேவை என்பதை வெட்டாமலிருக்கத் தெரிந்தவனே அறிவான் என அவர் கருதினார் போலும். எவ்வாறாயினும், தம் நடையைப் பின்பற்றச் செய்யாது அதற்கு எதிரானதைப் பயிலச் செய்த ஆசிரியர் அரியர். இவருடைய வகுப்பை வேறு கலைப்பள்ளிகளிலிருந்து பிரித்துக் காட்டுவது இதுவே.

இத்தகைய நுட்பங்களை அரசு வெறுக்கத் தொடங்கிய காலம் அது. முகத்துக்கு முன்னே எதை வைக்கின்றோமோ அதையே மக்கள் முகத்திற் காண்பர் என்பது அதிகாரத்துக்குப் பயன்படும் அறிவு. அவ்வறிவு தனித்த கலைஞனின் கையில் இருப்பது அதிகாரத்துக்கு உவப்பானதன்று. 1935 சனவரியில் மொஸ்கோவிற் கூடிய திரைப்படத்துறையினர் மாநாட்டிலே குலெஷோவும் ஐசன்ஸ்டீனும் உருவவாதிகள் எனக் குறைகூறப்பட்டனர். 1937இல் ஐசன்ஸ்டீனின் ‘பெசின் புல்வெளி’ எடுத்து முடியுமுன்னரே நிறுத்தப்பட்டது. குலெஷோவ் செய்த படங்களும் மெல்லக் குறைந்தன. கற்பித்தல் மட்டும் நிற்கவில்லை. 1941இல் அவருடைய ‘திரைப்பட நெறியாள்கையின் அடிப்படைகள்’ வெளிவந்தது. போர்க்காலத்திற் பள்ளி அல்மா அத்தாவுக்கு இடம்பெயர்ந்து மீண்டது. 1944இல் அதன் தலைவராயினார். 1970இல் அவர் மறைந்தபோது அவருடைய பெயர் படங்களால் அன்றி மாணாக்கராலேயே பெரிதும் அறியப்பட்டிருந்தது.

அதே பள்ளியில் 1954இல் மிகாயில் ரொம் என்பாரின் வகுப்பிற் சேர்ந்த அந்திரேய் தார்க்கோவ்ஸ்கி, பொருத்துதலே திரைப்படத்தின் அடிப்படை என்னும் கொள்கையை வெளிப்படையாய் மறுத்தார். துண்டினுள்ளே ஓடும் காலமே திரைப்படத்தின் மூலப்பொருள் என்பது அவர் துணிபு. அவருடைய நீண்ட காட்சிகளைப் பார்ப்போர்க்குக் குலெஷோவ் தள்ளிய பௌவரின் மெல்லிய நடை திரும்பி வந்ததோ எனத் தோன்றும். ஐம்பதாண்டு கழிந்து பேரன் பாட்டனின் பக்கம் சாய்ந்ததுபோல் ஆயிற்று. ஆனால் எதை மறுக்கின்றோம் என்பதை இவ்வளவு தெளிவாய் அறிந்து மறுப்பதற்கு அக்கொள்கை முதலிற் கற்பிக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

இம்மரபின் ஒரு கிளை தமிழையும் வந்தடைந்தது. 1951இற் புடோவ்கின் இந்தியாவுக்கு வந்து சென்றார். வங்காள நெறியாளரான ரித்விக் கட்டக், ஐசன்ஸ்டீன், புடோவ்கின் ஆகியோரின் நூல்களில் ஆழ்ந்தவர். 1960இற் பூனா நகரிலே பழைய பிரபாத் படநிலையத்தில் தொடங்கப்பட்ட இந்தியத் திரைப்பட நிறுவனத்தில் அவர் சில காலம் துணைத் தலைவராயிருந்து கற்பித்தார். மணி கௌல், குமார் சகானி, ஜோன் ஆபிரகாம் ஆகிய மூவரும் அவரிடம் பயின்றோர்; மூவரும் ஒருவரையொருவர் ஒத்தாரல்லர். கேரளத்தைச் சேர்ந்த ஜோன் ஆபிரகாம் 1977இல் ‘அக்கிரகாரத்தில் கழுதை’ என்னும் படத்தைத் தமிழிலே செய்தார். பேராசிரியரொருவர் இரங்கி எடுத்து வளர்க்கும் கழுதைக்குட்டியை அக்கிரகாரத்தார் வெறுத்துக் கொன்றுவிட்டுப் பின்னர் அதனையே வழிபடத் தலைப்படுகின்றனர் என்பது கதை. அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்குரிய தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

பிரெஞ்சு நெறியாளர் பிரெசோன் 1966இற் கழுதையொன்றைக் கொண்டு செய்த படத்தின் தூண்டுதல் இதற்கு உண்டென்பர். ஓவியராயிருந்து திரைக்கு வந்த பிரெசோனும் தம் நடிகரை ‘உருமாதிரிகள்’ என்றே அழைத்தார். குலெஷோவ் வழங்கிய சொல்லின் பொருளும் அதுவே. கழுதைக்கு நடிக்கத் தெரியாது. அதன் முகமும் மாறுவதில்லை. ஊமைப் பெண்ணின் கையும், ஊராரின் கோபமும், பேராசிரியரின் வெறும் வீடும் மாறிமாறி அதன் அருகே வைக்கப்படும்போது, பார்ப்போர் அம்முகத்திலே அன்பையும் அச்சத்தையும் பொறுமையையும் தாமாகவே காண்கின்றனர்.